ரகுராம் ராஜன் சொன்னால் அப்படியே நம்பலாமா? பொருளாதார நிபுணர் பேச்சை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ரகுராம் ராஜன் ஒரு பேட்டி கொடுத்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கோஷ்டி உருவாகிவிடும். "2008 நெருக்கடியை முன்னாடியே சொன்ன மனுஷன், இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பது ஒரு கோஷ்டி. "5 சதவீதம் வளர்ந்தாலே அதிர்ஷ்டம்னு சொன்னாரே, என்ன ஆச்சு?" என்பது இன்னொரு கோஷ்டி.

சுவாரஸ்யம் என்னவென்றால், இரண்டு தரப்பும் சொல்வது நடந்த விஷயம்தான். 2005-ல் அவர் கொடுத்த எச்சரிக்கை பலித்தது. 2022-ல் அவர் சொன்ன வளர்ச்சிக் கணிப்பு பலிக்கவில்லை. அப்படியென்றால் அடுத்த முறை அவர் பேசும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பொருளாதார நிபுணர் ஒருவர் மைக் முன்னால் பேசும்போது, ஒரே மூச்சில் மூன்று வகையான விஷயங்களைப் பேசுகிறார். ஒன்று, ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம். இரண்டு, அடுத்து என்ன நடக்கும் என்ற கணிப்பு. மூன்று, அரசு என்ன செய்ய வேண்டும் என்ற அவரது விருப்பம். மூன்றுக்கும் ஒரே மார்க் போட முடியாது. குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது வெறும் டிவி விவாதம் இல்லை. வட்டி, விலைவாசி, மானியம் என்று இவர்கள் பேசுவதெல்லாம் கடைசியில் உங்கள் பிக்சட் டெபாசிட்டிலும், வீட்டுக் கடன் இஎம்ஐ-யிலும், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கப் போகும் வேலையிலும்தான் வந்து நிற்கிறது. ராஜனையே உதாரணமாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த ரகுராம் ராஜன்?

1963-ல் போபாலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். டெல்லி ஐஐடி-யில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், அகமதாபாத் ஐஐஎம்-மில் மேலாண்மை, அமெரிக்காவின் எம்ஐடி-யில் முனைவர் பட்டம். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2003 முதல் 2006 வரை ஐஎம்எஃப்-பின் தலைமைப் பொருளாதார நிபுணர். 2013 செப்டம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை ரிசர்வ் வங்கியின் 23-வது கவர்னர்.

தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2021-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் எஸ்தர் டஃப்லோ, ஜீன் டிரெஸ், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ்.நாராயண் ஆகியோருடன் இவரும் இடம்பெற்றார்.

முதல் வகை: 'இது இப்படித்தான் வேலை செய்யுது'

இந்த வகைக்கு ராஜனே கொடுத்த சூப்பர் உதாரணம், தோசைக் கணக்கு.

அவர் கவர்னராக இருந்தபோது பென்ஷன் வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு புகார் தொடர்ந்து வந்தது. "முன்னாடி டெபாசிட்டுக்கு 10 சதவீதம் வட்டி கிடைச்சுது. இப்போ 8 சதவீதம்தான். நாங்க எப்படிப் பிழைக்கிறது?" 2016 ஜனவரியில் டெல்லியில் பேசிய ராஜன், இதற்குத் தோசையை வைத்துப் பதில் சொன்னார்.

உங்களிடம் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு தோசை 50 ரூபாய். இன்றைக்கே வாங்கினால் 2,000 தோசை. ஆனால் நீங்கள் அதை வங்கியில் போடுகிறீர்கள்.

வட்டி 10 சதவீதம், விலைவாசி உயர்வும் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் கையில் 1 லட்சத்து 10 ஆயிரம். ஆனால் தோசை 55 ரூபாய் ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் அதே 2,000 தோசைதான். ஒரு வருஷம் காத்திருந்தும் ஒரு தோசைகூடக் கூடவில்லை.

இப்போது வட்டி 8 சதவீதம், விலைவாசி உயர்வு 5.5 சதவீதம். கையில் 1 லட்சத்து 8 ஆயிரம். தோசை 52 ரூபாய் 75 பைசா. இப்போது கிட்டத்தட்ட 2,047 தோசை வாங்கலாம். வட்டி குறைந்தும் லாபம்!

அப்புறம் ஏன் பென்ஷன்தாரருக்கு நஷ்டப்பட்ட மாதிரி தெரிகிறது? ஏனென்றால் அவர் வட்டியை மட்டும்தான் கையில் பார்க்கிறார். 10 சதவீத வட்டியில் வந்த 10,000 ரூபாய்க்கு 181 தோசை வாங்கலாம். 8,000 ரூபாய்க்கு 151 தோசைதான். ஆனால் விலைவாசி அதிகமாக இருந்தபோது அசல் தொகை சத்தமில்லாமல் கரைந்துகொண்டே இருந்தது. அது பாஸ்புக்கில் தெரியாது.

இந்த வகைப் பேச்சுதான் ஒரு பொருளாதார நிபுணரிடமிருந்து நமக்குக் கிடைக்கும் மிக உறுதியான சரக்கு. காரணம், இதை நீங்களே ஒரு பேப்பரில் போட்டுச் சரிபார்க்கலாம். அவர் எந்தக் கட்சிக்கு நெருக்கம், யாரோடு போட்டோ எடுத்தார் என்பதெல்லாம் இந்தக் கணக்கை மாற்றாது.

ஆனால் இதிலும் ஒன்றைக் கேட்கலாம்: கணக்கு எதை விட்டுவிட்டது? தோசை விலை 5.5 சதவீதம் ஏறலாம். வயதானவர்கள் வாங்கும் மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு அதே வேகத்தில்தான் ஏறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வட்டியை நம்பியே மாதத்தை ஓட்டுகிறவருக்கு அசல் கரையாமல் இருக்கிறது என்பது உடனடி ஆறுதலும் இல்லை. கணக்கு சரி. ஆனால் எல்லோருடைய வாழ்க்கையும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடாது.

சில நாட்களில் கொச்சியில் மாணவர் ஒருவர் அவரிடமே கேட்டார்: பணவீக்கம் குறைஞ்சும் தோசை விலை ஏன் குறையல? ராஜன் சொன்ன பதில், தோசை சுடும் தொழில்நுட்பம் மாறவே இல்லை. ஆனால் தோசை சுடுகிறவரின் சம்பளம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் குறைவது என்றால் விலை குறைவது இல்லை. விலை ஏறும் வேகம் குறைவது, அவ்வளவுதான்.

இரண்டாம் வகை: 'அடுத்து இதுதான் நடக்கும்'

இங்கேதான் நிபுணர்கள் வழுக்குவார்கள்.

2005 ஆகஸ்ட். அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் மத்திய வங்கியாளர்கள் கூடும் மாநாடு. அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் ஓய்வுபெறப் போகும் நேரம் என்பதால் அரங்கமே பாராட்டு மழையில் இருந்தது. அங்கே போய், நிதித்துறை வளர்ந்ததால் உலகத்துக்கு ஆபத்து கூடியிருக்கலாம் என்ற பொருளில் ராஜன் ஒரு கட்டுரை படித்தார். அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ் அதைக் கடுமையாக விமர்சித்தார். மூன்று வருடத்தில், 2008 செப்டம்பரில், லேமன் பிரதர்ஸ் திவாலானது. உலகமே ஆடிப்போனது.

ஆனால் கவனியுங்கள். அன்று ராஜன் "2008-ல் லேமன் விழும்" என்று சொல்லவில்லை. தேதி கொடுக்கவில்லை, நம்பர் கொடுக்கவில்லை. நிதி நிறுவன மேலாளர்களுக்கு இன்றைய லாபத்துக்கு போனஸ் கிடைக்கிறது, நாளைய நஷ்டத்துக்கு அவர்கள் கையைக் கடிப்பதில்லை. அதனால் வெளியே தெரியாத ரிஸ்க்கை அவர்கள் எடுப்பார்கள். ஒருநாள் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் போகலாம் என்றார். அதாவது, முதல் வகை விளக்கம்தான் அது. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டினார்.

2022 டிசம்பருக்கு வருவோம். ராகுல் காந்தியின் பாரத் ஜோடோ யாத்திரையில் அவரோடு சேர்ந்து நடந்த ராஜன், ஒரு உரையாடலில், அடுத்த ஆண்டு இந்தியா 5 சதவீதம் வளர்ந்தாலே அதிர்ஷ்டம் என்றார். 2023 மார்ச்சில், அதற்கு முந்தைய காலாண்டு வளர்ச்சி 4.4 சதவீதம் என்று வந்ததும், சுதந்திரத்துக்குப் பிந்தைய பல ஆண்டுகளில் இருந்த மந்த வளர்ச்சிக்கு ஆபத்தான அளவுக்கு நெருங்கிவிட்டோம் என்று எச்சரித்தார். எஸ்பிஐ ஆய்வுப் பிரிவு அப்போதே அதை மறுத்தது.

என்ன நடந்தது? 2023-24 நிதியாண்டு வளர்ச்சி 8.2 சதவீதம் என்று 2024 மே மாதம் அரசு மதிப்பீடு வெளியிட்டது. ஜிடிபி-யைக் கணக்கிடும் முறை மீது தனி விவாதம் இருக்கிறது என்றாலும், 5-க்கும் 8.2-க்கும் இடைவெளி பெரிது.

இதில் அவர் மட்டும் தவறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டுக்கு 2023 ஏப்ரலில் ஐஎம்எஃப் சொன்னது 5.9 சதவீதம். ரிசர்வ் வங்கி சொன்னது 6.5 சதவீதம். எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். ராஜன் அதிகமாகக் குறைத்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: எங்கே பலவீனம் இருக்கிறது என்று நிபுணர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்த வருஷம் எத்தனை சதவீதம் என்று சொன்னால், வானிலை அறிக்கை கேட்கிற மாதிரி கேளுங்கள். ஒரு நம்பர் தப்பானதால் அவர் சொன்ன விளக்கமெல்லாம் தப்பாகிவிடாது. ஒரு எச்சரிக்கை பலித்ததால் அவர் சொல்லும் நம்பரெல்லாம் சரியாகிவிடாது.

மூன்றாம் வகை: 'அரசு இதைத்தான் செய்யணும்'

இது நேராக நம் ஊர் வேலைவாய்ப்பைத் தொடும் விஷயம்.

செல்போன் உற்பத்தியை ஊக்குவிக்க மத்திய அரசு, கூடுதலாக விற்கும் மதிப்பில் 6 சதவீதம் முதல் 4 சதவீதம் வரை ஊக்கத்தொகை தந்தது. பிஎல்ஐ திட்டம் என்பது இதுதான். 2023 மே மாதம் ராஜன் வேறு இருவருடன் சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டார். போன் ஏற்றுமதி கூடியது உண்மை, ஆனால் உதிரி பாகங்களின் இறக்குமதியும் கூடவே ஏறியிருக்கிறது. நாம் பெரும்பாலும் கோர்த்துத்தான் கொடுக்கிறோமா என்று கேட்டார். மத்திய ஐடி அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதற்குக் கடுமையாகப் பதிலடி கொடுத்தார். எந்த நாடும் முதலில் கோர்ப்பதில் தொடங்கித்தான் பிறகு பாகங்கள் தயாரிப்புக்குப் போகும் என்பது அரசுத் தரப்பு வாதம்.

செமிகண்டக்டர் விஷயத்திலும் ராஜனின் நிலை இதுதான். சிப் துறைக்காக 2021 டிசம்பரில் மத்திய அரசு ஒதுக்கியது 76,000 கோடி ரூபாய். குஜராத்தின் சனந்தில் உள்ள மைக்ரான் ஆலைக்கு மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் என்று திட்டச் செலவில் 70 சதவீதம் அரசுப் பணம். இந்தப் பணத்தைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போட்டால் நீண்ட காலப் பலன் அதிகம் என்பது அவர் வாதம். ரோஹித் லாம்பாவுடன் 2023-ல் எழுதிய புத்தகத்தின் மையக் கருத்தும் கிட்டத்தட்ட இதுதான்: சீனாவைப் போலத் தொழிற்சாலைகளை மட்டும் நம்பாமல் மனித வளத்திலும் சேவைத் துறையிலும் முதலீடு செய்யுங்கள்.

இதில் யார் சரி? ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்வோம். 2006-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்தார்கள். "சலுகை கொடுத்துக் கூட்டி வர்ற கம்பெனி ஒருநாள் போயிடும்" என்று சொல்கிறவர்களுக்கு இது ஆதாரம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆலை வளாகத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கி மறுபடி இயக்கியது. ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கிறது. 2024-25-ல் தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,400 கோடி டாலரைத் தாண்டி, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. "முதல்ல ஒரு கம்பெனி வந்தா, அது போனாலும் பழகின தொழிலாளரும் சப்ளையரும் ஊர்லயே இருப்பாங்க" என்று சொல்கிறவர்களுக்கும் ஆதாரம் அதே ஊர்தான்.

வெறும் கணக்கை வைத்து இந்தச் சண்டையை முடிக்க முடியாது. ஏனென்றால் இதில் ஒரு முன்னுரிமை ஒளிந்திருக்கிறது. இன்றைக்குப் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஓரகடத்தில் உடனே ஒரு வேலையா, இன்றைக்கு இரண்டாம் வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு 15 வருஷம் கழித்து இன்னும் நல்ல வேலையா? இரண்டும் வேண்டும்தான். பணம் குறைவாக இருக்கும்போது எது முதலில் என்பதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. அது ஒரு குடிமகனின் கருத்து. ராஜனுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதே அளவு உங்களுக்கும் இருக்கிறது.

தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும் கட்சிகள்

ராஜன் விவகாரத்தில் அரசியல் கலக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டபோது ராஜன் பதவியில் இல்லை. 2016 பிப்ரவரியிலேயே அரசு தன்னிடம் கருத்துக் கேட்டதாகவும், நீண்ட காலத்தில் பலன் இருந்தாலும் குறுகிய காலப் பாதிப்பு அதைவிட அதிகமாக இருக்கும் என்று தான் சொன்னதாகவும் 2017-ல் வெளியான புத்தகத்தில் எழுதினார். செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக 2018-ல் ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கை சொன்னது. காங்கிரஸ் இதைக் கையில் எடுத்தது.

அதே 2018-ல் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு வாராக்கடன் பற்றி ராஜன் ஒரு குறிப்பு அனுப்பினார். மோசமான கடன்களில் பெரும்பகுதி 2006 முதல் 2008 வரையிலான காலத்தில் கொடுக்கப்பட்டவை என்று அதில் இருந்தது. அது காங்கிரஸ் கூட்டணி ஆட்சிக் காலம். உடனே பாஜக தலைவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அரசு முடிவுகள் தாமதமானதற்கு இரண்டு கூட்டணி ஆட்சிகளையுமே அந்தக் குறிப்பு சுட்டிக்காட்டியது என்ற வரி மட்டும் பெரிதாகப் பேசப்படவில்லை.

ஆக, ஒரே ஆளின் பேச்சு இரண்டு கட்சிகளுக்கும் ஆயுதமாக இருந்திருக்கிறது. நமக்கு வரும் 30 செகண்ட் வீடியோவில் பாதிப் பேச்சு வெட்டப்பட்டிருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே சமயம், ராஜனின் அரசியல் நெருக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதும் நியாயம்தான். ஒரு கட்சித் தலைவரின் யாத்திரையில் நடந்தபடியே சொல்லப்படும் கணிப்பை, பல்கலைக்கழகக் கட்டுரையைப் போல எடுத்துக்கொள்ள முடியாது. 2015 அக்டோபரில், கவர்னர் பதவியில் இருக்கும்போதே, டெல்லி ஐஐடி பட்டமளிப்பு விழாவில் சகிப்புத்தன்மை பற்றி அவர் பேசியதும் சர்ச்சையானது. புது யோசனைகள் பிறக்க எதையும் கேள்வி கேட்கும் சூழல் வேண்டும் என்பது அவர் வாதம். வட்டி விகிதம் பார்க்க வேண்டியவர் இதையெல்லாம் பேசலாமா என்பது எதிர்க் கேள்வி. பேசலாம். ஆனால் அந்தப் பேச்சுக்கு கவர்னர் நாற்காலி தனி எடை கொடுக்காது. கேட்டுவிட்டு ஏற்பதும் மறுப்பதும் நம் கையில்.

அடுத்த முறை வீடியோ வந்தால் என்ன கேட்கலாம்?

ராஜன் மட்டும் இல்லை, அரசுத் தரப்பில் பேசும் நிபுணர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

1. இது விளக்கமா, கணிப்பா, விருப்பமா? ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்திருந்தால் பிரித்துப் பாருங்கள்.

2. விளக்கம் என்றால், எதை விட்டுவிட்டார்? அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுச் செலவு பொருந்துகிறதா?

3. கணிப்பு என்றால், இதற்கு முன் சொன்ன நம்பர்கள் என்ன ஆயின? அதே ஆண்டுக்கு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?

4. விருப்பம் என்றால், அவர் சொல்வதைச் செய்தால் யாருக்கு லாபம், யார் காத்திருக்க வேண்டும்?

5. எந்த மேடையில், யாரோடு இருக்கும்போது சொன்னார்? முழுப் பேச்சு எங்கே?

உதாரணத்துக்கு, "வட்டி சீக்கிரம் குறையும், அதனால இப்போவே ஃப்ளோட்டிங் வட்டியில வீட்டுக் கடன் வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னால், அதில் விளக்கம் ஒன்று இருக்கிறது: ரெப்போ விகிதம் குறைந்தால் ஃப்ளோட்டிங் கடன் வட்டியும் குறைய வாய்ப்பு உண்டு. கணிப்பு ஒன்று இருக்கிறது: சீக்கிரம் குறையும். இது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. விருப்பம் ஒன்று இருக்கிறது: இப்போவே வாங்குங்க. இது உங்கள் சம்பளத்தையும் சேமிப்பையும் பார்த்து நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

முதலாவதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்துச் சரிபாருங்கள். மூன்றாவதை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.